கல்யாணச் சமையல்காரி மீட்ட ஊராட்சி

எங்கள் ஜூராவ்கா வட்டாரத்தில் கல்யாணம் பேசினால், பாதிரியாரிடம் நாள் கேட்பதற்கு முன்னால் பல்பினா குலேஷாவிடம்தான் கேட்பார்கள். அன்றைக்கு அவர் வேறு வீட்டுக்குச் சமைக்கிறார் என்றால் கல்யாணம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். விருந்தெல்லாம் தீயணைப்புக் கூடத்தில். தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு அந்த இடத்தில் மேஜைகளைப் போடுவார்கள். பின்பக்கச் சமையலறை பல்பினாக்காவின் ராஜ்யம். ஒரு அண்டாவில் கோழிச் சூப்பு, இன்னொன்றில் புளித்த முட்டைக்கோசும் பன்றி இறைச்சியும். உதட்டில் சிவப்புச் சாயம் பூசாமல் அவர் கரண்டியைத் தொட்டதில்லை. அவர் அதட்டினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாடு திரும்பிப் பார்க்கும்.

அவருடைய கணவர் ஃபெலிக்ஸ் நேர் எதிர். தேனீ வளர்ப்பவர். வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நாங்கள் கேட்டதில்லை. தீயணைப்புப் படையின் பாண்டு வாத்தியக் குழுவில் எக்காளம் ஊதுவார். அதுதான் அவர் பேச்சு. நான் அவர்களுக்கு அடுத்த வீடு. டிராக்டர் மெக்கானிக். பெயர் ஸெனெக். பல்பினாக்காவிடம் கார் இல்லை, என்னிடம் தகர டப்பா மாதிரி ஒன்று இருந்தது. அதனால் ஊராட்சியைத் திரும்பக் கேட்டு அலைந்த இரண்டு வருஷமும் அவரை ஏற்றிக்கொண்டு சுற்றியவன் நான்தான்.

எழுபத்தாறாம் வருஷம் கோடையில் எங்கள் ஊராட்சியைக் கலைத்தார்கள். மேலே யாரோ வரைபடத்தில் கோடு ஒன்றை அழித்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஒரு லாரி வந்தது. அலுவலகத்து மேஜை, அலமாரி, சுவரில் தொங்கிய அரசாங்கக் கழுகுச் சின்னம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வில்சானிக்குப் போனது. இனிமேல் நாங்கள் வில்சானி ஊராட்சியைச் சேர்ந்தவர்கள் என்றார்கள். ஜனங்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். அந்தக் காலத்தில் யாரும் எதுவும் சொல்ல முடியாது. பல்பினாக்கா மட்டும் கையில் இருந்த கோழியோடு ரோட்டின் நடுவில் போய் நின்றார்.

"ஏம்ப்பா, ஜன்னலையும் கழட்டிக்கிட்டுப் போங்களேன். எங்களுக்கு எதுக்கு வெளிச்சம்?"

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் நகரவில்லை. ஃபெலிக்ஸ் வந்து தோளைப் பிடித்து மெதுவாக ஓரத்துக்குக் கூட்டிப்போனார்.

அது கோபம்தான். கோபம் மாறி வைராக்கியம் ஆனது எழுபத்தொன்பதாம் வருஷத்துப் பனியில். அந்த வருஷம் புத்தாண்டன்று தொடங்கிய பனி வேலிகளை மூடி, ஜன்னல்களையும் மூடியது. அந்த வாரம் பல்பினாக்காவின் அப்பா இறந்துபோனார். இறப்பைப் பதிந்து முத்திரை வாங்காமல் அடக்கம் செய்ய முடியாது. முத்திரை வில்சானியில் இருந்தது. பஸ் ஓடவில்லை. பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் குதிரைச் சறுக்கு வண்டியில் பாதித் தூரம், மீதியை இடுப்பளவு பனியில் நடந்து அவர் போய்ச் சேர்ந்தார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அதிகாரி கூட்டத்துல இருக்காரு. நாளைக்கு வாங்க" என்றாள்.

"எங்கப்பா நாளைக்கும் செத்துத்தான் கிடப்பாரு. நான்தான் நாளைக்கு வர முடியாது," என்று சொல்லிவிட்டு, ஈரக் கோட்டோடு அதிகாரியின் அறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றார் பல்பினாக்கா. சாயங்காலம்வரை நின்ற பிறகுதான் முத்திரை கிடைத்தது. திரும்பி வந்தபோது இரண்டு கால் விரல்கள் கறுத்திருந்தன. அவர் அழுது நான் பார்க்கவில்லை. அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து கல்லறை வாசலில் நின்று சொன்னார்:

"ஸெனெக், எனக்கு அந்த ஆபீசு திரும்ப வேணும்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தேவாலயத்துக் கோபுரத்தைத் தூக்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்ன மாதிரி இருந்தது.

பத்து வருஷம் கழித்து ஒரே கட்சியின் ஆட்சி விழுந்து நாடே மாறியது. தொண்ணூறில் ஊராட்சிகளுக்கு நிஜமான தேர்தல் வந்தது. கலைத்த ஊராட்சிகளைத் திரும்பக் கேட்கலாம், அந்தந்த ஊர் ஜனங்களின் கருத்தைக் கேட்டுத் தலைநகரில் முடிவெடுப்பார்கள் என்ற செய்தி வானொலியில் வந்தது. பல்பினாக்கா கையில் இருந்த மாவைத் தட்டிவிட்டு, அன்றைக்கே ஊர்க்கூட்டம் போட்டார்.

வில்சானி ஊராட்சித் தலைவர் லுட்விக் சோபான் கெட்டவர் இல்லை. ஆனால் பாதி நிலப்பரப்பைக் கையிலிருந்து விட யாருக்கு மனசு வரும்? எங்கள் கூட்டத்துக்கு அவரே வந்தார். மேடையேறி, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"ஊராட்சி நடத்துறதுன்னா விளையாட்டு இல்லீங்க. உங்ககிட்ட என்ன இருக்கு? ஒரு தேவாலயம், ஒரு நாரைக்கூடு, ஒரு கல்யாணச் சமையல்காரி."

பல்பினாக்கா எழுந்தார்.

"ஆமா, சமையல்காரிதான். உங்க கல்யாணத்துக்கும் நான்தான் சமைச்சேன் லுட்விக் ஐயா. அன்னிக்கு ராத்திரி மூணாவது தட்டு சூப்புக்கு நீங்க சமையலறை வாசல்ல வந்து நின்னப்போ, சமையல்காரி போதும்னுதான் இருந்துச்சு உங்களுக்கு!"

கூடம் அதிர்ந்தது. லுட்விக்கின் மனைவியும் வந்திருந்தார். அவர்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார். லுட்விக் முகம் சிவந்தாலும் நிதானம் இழக்கவில்லை. "சிரிங்க, சிரிங்க. ஆனா கணக்கு இதுதான். கெம்பா உங்களோட சேந்தாத்தான் ஊராட்சியாகுற அளவுக்கு ஜனத்தொகை வரும். கெம்பா வருமான்னு அவங்களைக் கேட்டீங்களா?" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

சிரிப்பு அங்கேயே அடங்கிவிட்டது. கெம்பா ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர். ஓடக்காரர்களின் ஊர். பாலம் வருவதற்கு முன்னால் தலைமுறை தலைமுறையாக அவர்கள்தான் எங்களை அக்கரை சேர்த்தவர்கள். ஐம்பதுகளில் ஊராட்சிகளைத் துண்டு துண்டாக வெட்டியபோது கெம்பாவுக்கும் சொந்தமாகச் சின்ன அலுவலகம் ஒன்று கிடைத்தது. எழுபத்து மூன்றில் அதைப் பிடுங்கி எங்களோடு சேர்த்தார்கள். அதாவது, வில்சானி பிற்பாடு எங்களுக்குச் செய்ததை, அதற்கு முன்னாலேயே கெம்பாவுக்கு எங்கள் பெயரில் செய்திருந்தார்கள். அன்றைக்கு நாங்கள் வருத்தப்படவில்லை. அந்தக் குளிர்காலத்துக் கல்யாணம் ஒன்றில் கெம்பா விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு கேலிப்பாட்டு கிளம்பியது:

கெம்பா ஊரு ஆபீசு போச்சு,
கிழங்க வெட்டி முத்திரை ஆச்சு!

நிஜ முத்திரை போய்விட்டது, இனி உருளைக்கிழங்கை வெட்டி முத்திரை குத்திக்கொள்ளுங்கள் என்ற நக்கல். கட்டிப் பாடியது வேறு யாருமில்லை, சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்த பல்பினாக்காதான். கெம்பாக்காரர்கள் விருந்தின் நடுவில் எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு அவரை அழைத்ததில்லை.

மறுநாள் காலை என் கார் கண்ணாடியைத் தட்டினார். உதட்டுச் சாயம் பளபளத்தது.

"கெம்பாவுக்கு விடு."

"அடிப்பாங்கக்கா."

"அடிக்கட்டும். அடிக்கிற கை நமக்கு ஓட்டும் போடுமில்ல."

கெம்பாவின் கிராமத் தலைவர் வாலென்டி கில், மீசை உதட்டை மறைக்கும் கிழவர். ஊரே அவர் வார்த்தையைக் கேட்கும். நாங்கள் வருகிற செய்தி எப்படியோ முன்னாலேயே எட்டி, பள்ளிக்கூடத்தில் ஜனங்களைக் கூட்டியிருந்தார். எங்களைப் பார்த்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

"வாங்க பல்பினாம்மா. கிழங்கு வாங்க வந்தீங்களா? இந்த வருஷம் விளைச்சல் நல்லாத்தான் இருக்கு."

பின்பெஞ்சுகளில் கொல்லென்று சிரித்தார்கள். பல்பினாக்கா பேச வாய் திறந்தார். ஒரு பெண் குறுக்கே எழுந்து, "எங்க ஆபீசு போனப்போ சிரிச்சீங்க. இப்போ உங்களுக்கு வலிச்சா எங்க தோள் வேணுமா?" என்றாள்.

நான் கதவுப் பக்கம் நகர்ந்துவிட்டேன். பல்பினாக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. பிறகு கைப்பையைக் கீழே வைத்தார். கல்யாணத்தில் பாடும் அதே மெட்டில், அதே முழுக் குரலில், பாட ஆரம்பித்தார்:

ஜூராவ்கா ஆபீசு லாரியில போச்சு,
சிரிச்ச வாயெல்லாம் சொத்தையாப் போச்சு!
கிழங்கு ஒண்ணு கடனாக் குடுங்க,
கெம்பா சனமே, கொழுப்பு அடங்கிப் போச்சு!

முதலில் ஒரு கிழவி சிரித்தாள். அப்புறம் அந்தப் பெண். பிறகு பெஞ்சுகள் குலுங்கின. பல்பினாக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு நான் பாடினது தப்பு. சும்மா வாய்க்கு வந்ததைப் பாடிட்டேன். எங்கப்பா செத்தப்போ பனியில நடந்தேனே, அப்போதான் புரிஞ்சுது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு. மன்னிச்சுக்கோங்க," என்றார்.

வாலென்டி மீசையைத் தடவினார். "பாட்டு நல்லா இருக்கு. ரெண்டாவது அடி இழுக்குது." கூடம் மறுபடி சிரித்தது. பிறகு அவர் முகம் மாறியது. "வெறும் பாட்டுக்கு ஊரைக் கொடுக்க முடியாதும்மா. எங்க பள்ளிக்கூடத்தை மூடக்கூடாது. ஊராட்சியோட முதல் கூட்டம் இங்க, இந்த அறையில நடக்கணும். அப்புறம் உங்க ஊர்ச் சின்னத்துல நாரை மட்டும் தனியா நின்னா நாங்க எங்க நிக்கிறது? எங்க ஓடமும் அதுல வேணும்."

பல்பினாக்கா யோசிக்கவே இல்லை. "சரி" என்றார். கை குலுக்கிக்கொண்டார்கள்.

யோசிக்காததற்கு ஊரில் வாங்கிக் கட்டிக்கொண்டார். எங்கள் ஊர்ப் பெயரே நாரையிலிருந்து வந்தது. அந்தப் பழைய சின்னத்தில் யாரும் கை வைத்ததில்லை. "நம்ம நாரையைக் கொண்டுபோய் அவங்க ஓடத்துல ஏத்துறதா?" என்று தீயணைப்புக் கூடத்தில் ஆளாளுக்குக் கத்தினார்கள். பாண்டுக் குழுத் தலைவர் பதவியை விட்டே விலகுகிறேன் என்றார்.

"இத்தனை நூறு வருஷமா அது ஒத்தைக் கால்ல நிக்குது," என்றார் பல்பினாக்கா. "கொஞ்சம் ஓடத்துல உக்காந்து போகட்டுமே. உங்களுக்கு என்ன வலிக்குது?"

அப்போது நடந்ததுதான் ஆச்சரியம். ஃபெலிக்ஸ் எழுந்தார். கூடம் தானாக அடங்கியது. "அவங்க ஓடம் இல்லேன்னா," என்றார் அவர், "நம்ம தாத்தாக்கள் எல்லாம் அக்கரையிலயே நின்னிருப்பாங்க." உட்கார்ந்துவிட்டார். பல்பினாக்கா கணவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஓடத்துக்கு ஆதரவாகக் கைகள் உயர்ந்தன.

கருத்துக் கேட்பு மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் என்று வில்சானி அறிவித்தது. எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரே வாக்குச்சாவடி, ஜூராவ்கா தீயணைப்புக் கூடத்தில். அந்த வாரம் பனி ஒரேயடியாக உருகியது. ஆறு கரை புரண்டது. கெம்பா பக்கத்தில் பாலத்துக்கு வரும் ரோடு முழுக்கத் தண்ணீரில் மூழ்கிப்போனது. டிராக்டர்கூட இறங்க முடியாத ஆழம். உடைந்த பனிக்கட்டிகள் கதவுகள் மாதிரி மிதந்து வந்து பாலத்தூண்களில் மோதும் சத்தம் ஊர்வரை கேட்டது.

காலைப் பூசை முடிந்து ஆற்றுக்கு இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லோரும் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். கெம்பாவிலிருந்து ஒருவரும் இல்லை. தொலைபேசிக் கம்பியும் அறுந்து கிடந்தது. மேற்பார்வைக்கு வந்திருந்த லுட்விக் ஐயா, "இயற்கையை யாரு என்ன பண்ண முடியும்" என்று வருத்தமாகவே சொன்னார். ஆனாலும் தேதியைத் தள்ளிவைக்கச் சம்மதிக்கவில்லை.

பல்பினாக்கா கோயிலுக்குப் போடும் கறுப்புக் கோட்டோடு ஆற்றங்கரையில் நின்றார். நானும் ஃபெலிக்ஸும் பக்கத்தில். வேலிக் கம்பங்களின் நுனிதான் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. மத்தியானம் தாண்டியது.

"வரமாட்டாங்க ஸெனெக்," என்றார். "நானா இருந்தா இந்தத் தண்ணியில இறங்குவேனா? எனக்காக எதுக்கு வரணும்?"

அப்போதுதான் ஃபெலிக்ஸ் கையை நீட்டினார்.

அக்கரை மரங்களுக்கு நடுவிலிருந்து கறுப்பாக ஒன்று வெளியே வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அடி தட்டையான பழைய ஓடங்கள், பாலம் வந்த பிறகு கொட்டகைகளில் கவிழ்ந்து கிடந்தவை. தார் பூசிய வாசனை எங்கள் கரைவரை வந்தது. ராத்திரியோடு ராத்திரியாகப் பூசியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஓடத்தின் முனையிலும் ஒருவர் நின்று நீளக் கழியால் பனிக்கட்டிகளை விலக்கிவிட, நடுவில் தலைக்குட்டை கட்டிய பாட்டிகளும், ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் ஆண்களும், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்த பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு முழுக்க ஓடம். ஃபெலிக்ஸ் கோட்டுக்குள்ளிருந்து எக்காளத்தை எடுத்து ஊதினார். அந்தச் சத்தம் கேட்டுத் தீயணைப்புக் கூடத்திலிருந்து ஊரே கரைக்கு ஓடிவந்தது. யாரோ தீயணைப்புச் சங்கையும் அலறவிட்டார்கள்.

முதல் ஓடத்தின் முனையில் கழியோடு நின்றவர் வாலென்டி கில்.

"என்ன பல்பினாம்மா, கரையில நின்னு அழுவுறீங்க? ஆத்துல ஏற்கெனவே தண்ணி அதிகம்!"

"வாயை மூடிக்கிட்டுக் கயித்தைத் தூக்கிப் போடுய்யா!" என்று கத்தினார் பல்பினாக்கா. கண்ணீர் உதட்டுச் சாயத்தோடு கலந்து அவர் முகவாயில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஊர் ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஓடங்களை இழுத்தார்கள். பதவி விலகுகிறேன் என்ற பாண்டுக் குழுத் தலைவர், கெம்பாக் கிழவி ஒருத்தியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அவள் அவர் முதுகில் தட்டி, "மெதுவாடா, நான் இன்னும் ஓட்டுப் போடல!" என்றாள். வாக்குச்சாவடி மூடும்வரை ஓடங்கள் போய்ப் போய் வந்தன. எண்ணி முடித்தபோது கெம்பாவில் வேண்டாம் என்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முடிவை வாசித்த லுட்விக் ஐயா காகிதத்தை மடித்தார். பிறகு பல்பினாக்காவிடம் வந்து, "இதுக்கு மேல நான் என்ன சொன்னாலும் எங்க வீட்டுல சோறு கிடைக்காது" என்று கை கொடுத்தார்.

தலைநகர் அவ்வளவு சுலபமாக அசையவில்லை. அலுவலகம் எங்கே என்று பார்க்க மாகாணத்திலிருந்து ஒருவர் வருவதாகத் தகவல் வந்தது. பழைய அலுவலகக் கட்டடம் உர மூட்டை வைக்கும் கிடங்காகிப் பல வருஷமாகியிருந்தது. அந்தக் கோடையில் அதை ஜூராவ்காப் பெண்கள் தேய்த்துக் கழுவினார்கள். கெம்பாத் தச்சர்கள் ஓடம் கட்டும் பலகையில் ஜன்னல்கள் செய்து மாட்டினார்கள். நான் கணப்பைச் சரிசெய்தேன். அந்த அதிகாரி வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, "இங்க யாரு பொறுப்பு?" என்று கேட்டபோது, எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரே பக்கம் கை காட்டினோம். பல்பினாக்கா சுண்ணாம்பு வாளியோடு ஏணிமேல் நின்றிருந்தார்.

அக்டோபரில் ஒருநாள், முட்டைக்கோசு அறுவடையின்போது, தபால் நிலையத்துப் பெண் செருப்பில்லாமல் வயலுக்குள் ஓடிவந்தாள். "வந்துடுச்சு! ரேடியோவுல சொல்லிட்டாங்க! ஜனவரி ஒண்ணாந்தேதியிலருந்து!" பல்பினாக்கா கையில் இருந்த முட்டைக்கோசை வானத்தில் எறிந்தார். அது வந்து என் கார் மேல் விழுந்த பள்ளம் இன்னும் இருக்கிறது. நான் அதைத் தட்டி எடுக்கவில்லை.

புதிய ஊராட்சிக்குத் தேர்தல் நடந்தது. பல்பினாக்கா உறுப்பினரானார். சொன்ன சொல்லின்படி முதல் கூட்டம் கெம்பா பள்ளிக்கூடத்தில். பெரிய மனிதர்கள் எல்லாம் முழங்கால் இடிக்கக் குழந்தைகளின் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். சுவரில் புதுச் சின்னம்: ஓடத்தில் நிற்கும் நாரை. சபைத் தலைவராக யார் என்றதும் வாலென்டி எழுந்து பல்பினாவின் பெயரைச் சொன்னார். வேறு பெயரே வரவில்லை.

"எனக்குச் சட்டமெல்லாம் தெரியாதே," என்றார் அவர்.

"நாங்க சொல்லித் தர்றோம். நீங்க அதட்டுங்க, போதும்," என்றார் வாலென்டி.

பல்பினாக்கா மேஜைக்குப் பின்னால் போய் நின்று சுற்றிலும் பார்த்தார். செருமினார். "முதல் தீர்மானம். கெம்பா பள்ளிக்கூடம் மூடப்படாது. ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க." அறையில் தூக்காத கை இல்லை. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த, ஓட்டுரிமை இல்லாத ஜனங்களும் தூக்கினார்கள்.

அவர் ஜன்னலைத் திறந்து, முற்றத்தில் காத்திருந்த பாண்டுக் குழுவைப் பார்த்து, "என்ன வேடிக்கை? ஊதுங்கய்யா!" என்றார். ஃபெலிக்ஸின் எக்காளம் முதலில் எழுந்தது. எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். பனி உருகிய சேற்றில், கறுப்புக் கோட்டும் சிவப்பு உதடுமாகப் பல்பினாக்கா வாலென்டியின் கையைப் பிடித்து இழுத்தார். கிழவர் தள்ளாடினார்.

"கால மிதிக்காதீங்க தலைவரம்மா, புது பூட்ஸ்!"

"மிதிப்பேன். இது என் ஊராட்சி."

"நம்ம ஊராட்சி!" என்று திருத்தினார் வாலென்டி. இருவரும் சேறு தெறிக்கச் சுற்றினார்கள். ஜனங்கள் கை தட்டித் தாளம் போட்டார்கள்.